யன்னல் எந்தப் பக்கம்?

புதிதாக மொனிட்டர் வாங்கப் போகிறவர்கள் எனக்குக் கோல் எடுத்தால் முதலில் கேட்பது, எத்தனை அங்குலம் எடுக்கலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, மேசை எந்த அறையில், யன்னல் எந்தப் பக்கம் என்று. சிலருக்கு எரிச்சல் வரும். வாஸ்து பார்க்கிறீர்களோ என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் கண் எரிகிறது, தலையிடிக்கிறது, கழுத்து உளைகிறது என்று சொன்னவர்களின் மேசைகளைப் போய்ப் பார்த்த அளவில், மொனிட்டரில் பிழை இருந்தது மிகக் குறைவு. வைத்த இடம், வைத்த உயரம், அறை வெளிச்சம் என்று இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் ஆளை வருத்திக்கொண்டிருக்கும். மூன்றையும் பெரும்பாலும் காசு செலவழிக்காமலே சரிக்கட்டலாம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அவர் வேலை அதுவல்ல.

நான் செய்வது தமிழ்ப் பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலை. எங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது, எங்கே புள்ளி இல்லை என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். இதனால் சொந்தக்காரர் மத்தியில் "கொம்பியூட்டர் தெரிந்த ஆள்" என்று பெயர் வந்துவிட்டது. கொம்பியூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எழுத்து எப்போது தெளிவாகத் தெரிகிறது, கண் எப்போது களைக்கிறது என்பது தெரியும்.

முதலில் சூரியன். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் மறையும் இடம் ஆண்டு முழுவதும் நேர் மேற்கிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ 24 பாகைக்கு மேல் விலகாது. குளிர்நாடுகளில் போலச் சரிந்து சரிந்து இறங்காமல் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். பின்னேரம் நான்கு மணிக்கு அடிவானத்துக்கு மேலே முப்பது பாகைக்குக் கிட்ட நிற்கும். அதிலிருந்து ஆறு மணி மட்டும் மேற்குப் பார்த்த யன்னலுக்குள்ளே நேரே வந்து விழும். எந்த மாதமும் அதற்கு விதிவிலக்கில்லை. வடக்கு, தெற்கு யன்னல்களின் கதை வேறு. ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே 16 பாகை அளவும், டிசம்பரில் தெற்கே 30 பாகை அளவும் சாயும். இரண்டுமே உயரமான வெயில். யன்னலுக்கு மேலே ஒரு சின்னக் கூரைத்தட்டு இருந்தால் அறைக்குள் ஆழமாக வராது.

இதை வெள்ளவத்தையின் அமைப்போடு பொருத்திப் பாருங்கள். காலி வீதி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதிலிருந்து ஒழுங்கைகள் மேற்கே மரைன் டிரைவுக்கு இறங்குகின்றன. கடல் தெரியும் ஃப்ளாட் என்றால் அது மேற்குப் பார்த்த ஃப்ளாட். அதற்கு இலட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறோம். தேத்தண்ணீர் குடிக்க, காற்று வாங்க அது அருமையான இடம்தான். மொனிட்டர் வைக்க வீட்டிலேயே மோசமான அறையும் அதுதான். பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கிற, யாரும் விரும்பாத பின்னறை கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிற என் சித்தி மகன் இதை ஏற்கவே இல்லை. "அக்கா, கடலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யத்தானே இந்த வீட்டையே எடுத்தது" என்றான். அவனுடைய மேசை யன்னலை நோக்கி இருந்தது. மொனிட்டருக்குப் பின்னால் முழு வானமும். வானத்தின் பிரகாசம் பகலில் சில ஆயிரம் நிட் வரும் (நிட் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு). மொனிட்டர் தருவது முந்நூறுக்குள். கண்ணின் பாப்பா வானத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொள்ள, அந்தச் சுருங்கிய கண்ணால் திரையிலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவன் பிரைட்னஸை நூறில் வைத்திருந்தான், அப்படியும் போதவில்லை என்றான். எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால், அதாவது யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால், வானம் திரையில் பிரதிபலிக்கும். கறுப்புப் பின்னணியில் புரோகிராம் எழுதுகிறவனுக்குத் தன் சேர்ட்டும் முகமும்தான் தெரியும். கடைசியில் மேசையைத் தொண்ணூறு பாகை திருப்பினோம். யன்னல் இப்போது இடது கைப்பக்கம். தலையைத் திருப்பினால் கடல் தெரிகிறது. நான்கு மணிக்குப் பிறகு திரைச்சீலையை இழுத்துவிடுகிறான். பிரைட்னஸ் நாற்பதுக்கு வந்துவிட்டது.

எழுத்து வேலைக்கு வைத்திருக்க வேண்டிய பிரைட்னஸ் எவ்வளவு என்பதற்கு ஒரு எண் சொல்ல முடியாது. ஒவ்வொரு மொனிட்டரிலும் ஐம்பது என்பது ஒவ்வொரு அளவு. அளக்க ஒரு ஏ4 தாள் போதும். திரையில் வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்துவிட்டு, வெள்ளைத் தாளொன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் மங்கலாக, அழுக்காகத் தெரிந்தால் திரை அளவுக்கு மீறிப் பிரகாசிக்கிறது. திரை சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டவேண்டும். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை பொத்தானை அமத்துங்கள். இது வெறும் கைமருந்து இல்லை, கணக்கும் ஒத்துவருகிறது. ஒஃபிஸ் மேசைக்கு வழக்கமாகச் சொல்லும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). 400 லக்ஸில் ஒரு வெள்ளைத் தாள் ஏறத்தாழ 100 நிட் அளவில் தெரியும். கடையிலிருந்து பெட்டியோடு வரும் சாதாரண மொனிட்டர் முழு பிரைட்னஸில் 250 முதல் 300 நிட் தரும். 1999இல் தரமாக்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணமுறை திரைக்கென்று எடுத்துக்கொண்ட அளவோ 80 நிட். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்தபடியே பாவிக்கிறவர், தாள் வெள்ளையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பிரகாசத்தை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் அப்படி அனுப்புகிறார்கள் என்றால், கடைக்காகத்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் வரிசையாக வைத்திருக்கும்போது பிரகாசமானதுதான் கண்ணில் படும். விவிட், கேம், சினிமா என்று இருக்கும் தயார்நிலை அமைப்புகளும் அந்த இனம்தான். எழுத்து வேலைக்கு ஸ்டாண்டர்ட் அல்லது எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். டைனமிக் கொன்ட்ராஸ்ட் என்று ஒன்று இருந்தால் நிறுத்திவிடுங்கள். வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்கு மாறும்போதெல்லாம் அது விளக்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். ஷார்ப்னஸைக் கூட்டினால் எழுத்துத் தெளிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பொன்று வரும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு அது நஞ்சு.

ஆனால் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் காலை பதினொரு மணிக்கே அறை இருண்டுவிடும். அரை மணியில் வெயில் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் மொனிட்டருக்குக் கீழே கைவிட்டுப் பொத்தானைத் துழாவ யாருக்குப் பொறுமை? விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. போனில் போல ஒரு கோட்டை இழுத்து மொனிட்டரின் பிரைட்னஸைக் கூட்டிக் குறைக்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு மொனிட்டர்கொன்ட்ரோல். இவை டி.டி.சி./சி.ஐ. என்ற வழியாக மொனிட்டரோடு பேசுகின்றன. வேலை செய்யாவிட்டால் மொனிட்டரின் மெனுவில் அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டில் இது வந்த பிறகுதான் பிரைட்னஸ் மாற்றுவது பழக்கமானது.

இரவு விஷயம் வேறு. பெரும்பாலான வீடுகளில் நடுக்கூரையில் ஒரு எல்.ஈ.டி. பல்புதான். மேசைக்கு வந்து சேரும் வெளிச்சம் 100 லக்ஸ் இருந்தாலே பெரிது. தாள் கணக்குப்படி திரையை 25, 30 நிட்டுக்கு இறக்கவேண்டும். பல மொனிட்டர்கள் அவ்வளவுக்கு இறங்கவே மாட்டா. இருட்டறையில் திரை மட்டும் ஒளிர விட்டு வேலை செய்கிற பெடியள் நிறைய. திரையைக் குறைக்க முடியாவிட்டால் சுவரைக் கூட்டுங்கள். மொனிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வைத்தால், திரைக்கும் அதைச் சுற்றியுள்ள இருட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் குறையும். விளக்கு கண்ணுக்கு நேரே தெரியக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

விளக்கைப் பற்றிச் சொல்லும்போது ஃபேனையும் சொல்லவேண்டும். இதை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தேவையில்லை. கூரை ஃபேனுக்கு மேலேயோ அதன் இறக்கைக்கு அப்பாலோ பல்பு இருந்தால், ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு போகும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 250 சுற்று என்றால் விநாடிக்குப் பன்னிரண்டு தரத்துக்குக் கொஞ்சம் மேலே நிழல் மேசையைக் கடக்கிறது. பழைய டியூப் லைட்டின் துடிப்பு நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டுக்கு விநாடிக்கு 100 தரம், அது கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு நன்றாகவே தெரியும், கீபோர்டிலும் கையிலும் திரையிலும். பின்னேரமானால் தலையிடி என்று சொல்கிற வீட்டுக்குப் போனால் நான் முதலில் அண்ணாந்து பார்ப்பது இதற்குத்தான். மேசையை ஓரமாக நகர்த்துங்கள், அல்லது அந்த பல்பை அணைத்துவிட்டுச் சுவர் விளக்கைப் போடுங்கள்.

மொனிட்டரின் பின்னொளியும் துடிக்கலாம். மலிவான சிலவற்றில் பிரைட்னஸைக் குறைப்பது, உண்மையில் பின்னால் இருக்கும் எல்.ஈ.டி.யை வேகமாக அணைத்து ஏற்றுவதன் மூலம். குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் கூடும். எல்லாருக்கும் இது தெரியாது. தெரிகிறவர்களுக்குக் கண் உளையும். போன் கமெராவை ஸ்லோமோஷனில் வைத்துத் திரையைப் படம்பிடித்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். பெட்டியில் ஃப்ளிக்கர் ஃப்ரீ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

சரி, உயரம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, தூரம் ஒரு கை நீளம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதன் காரணம் தெரிந்தால்தான் எப்போது மீறலாம் என்பதும் தெரியும். கண்ணுக்கு வசதியான பார்வை நேரே இல்லை. கிடைமட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை கீழே. 65 செ.மீ. தூரத்தில் 15 பாகை என்றால் கண் மட்டத்திலிருந்து 17 செ.மீ. இறக்கம். திரையின் நடுப்பகுதி அங்கே வரவேண்டும். 27 அங்குல மொனிட்டரின் திரை உயரம் ஏறத்தாழ 34 செ.மீ., பாதி 17. ஆகவே அதன் மேல்விளிம்பு சரியாகக் கண் மட்டத்துக்கு வருகிறது. 24 அங்குலத்துக்கு இரண்டு செ.மீ. கீழே. 32 அங்குலத்துக்கு இந்த விதியை அப்படியே பிடித்தால் நடுப்பகுதி கீழே போய்விடும், அதில் பிழையில்லை. கீழே பார்ப்பது மேலே பார்ப்பதைவிட எப்போதும் நல்லது. டிவியைச் சுவரில் அடித்து அதில் எக்செல் பார்ப்பதுதான் ஆகாத வேலை.

கதிரையை முதலில் சரிசெய்யுங்கள், மொனிட்டரைப் பிறகு. நம் வீட்டு மேசைகள் அநேகமாக 75 செ.மீ. உயரம். குள்ளமானவர்களுக்கு அது உயரம் கூட. முழங்கை கீபோர்ட் மட்டத்துக்கு வரும்வரை கதிரையை உயர்த்தினால் கால் தொங்கும்; காலுக்குக் கீழே ஒரு பலகையோ சின்ன முக்காலியோ வையுங்கள். இல்லாவிட்டால் நாரிதான் நோகும். மொனிட்டரை உயர்த்தச் சுலபமான அலகு ஏ4 பண்டில். 500 தாள், 80 ஜி.எஸ்.எம்., உயரம் 5 செ.மீ. இரண்டு பண்டில் பத்து. முன்பென்றால் ரெயின்போ பேஜஸ் தொலைபேசிப் புத்தகம் இந்த வேலைக்கென்றே அச்சடித்ததுபோல இருக்கும். லப்டொப்காரருக்கு ஒரே வழி, லப்டொப்பை உயர்த்திவிட்டுத் தனி கீபோர்டும் மௌஸும் பாவிப்பது. கீபோர்டும் திரையும் ஒட்டியிருக்கும்வரை கழுத்து, கை இரண்டில் ஒன்று வளையத்தான் வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் சித்தப்பா இந்த விதியால் வருந்தினவர். ஓய்வுபெற்ற கணக்காளர். இப்போதும் கோயில் கணக்கைப் பார்த்துக்கொடுக்கிறார். பிடரி உளைவு தாங்கமுடியாமல் எண்ணெய், பாம் எல்லாம் பூசிக்கொண்டிருந்தார். "வயசு போகுது பிள்ளை, வேறென்ன" என்றார். மகன் எங்கேயோ வாசித்துவிட்டு இரண்டு ஏ4 பண்டிலை வைத்து மொனிட்டரை முறைப்படி கண் மட்டத்துக்கு உயர்த்தியிருந்தான். ஆனால் சித்தப்பா போடுவது புரோகிரஸிவ் கண்ணாடி. அதில் கிட்டப் பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. உயரத்திலுள்ள திரையைக் கீழ்ப்பகுதியால் பார்ப்பதென்றால் நாடியை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்க்கவேண்டும். பின்னேரம் முழுக்க அப்படித்தான் இருக்கிறார். இரண்டு பண்டிலையும் எடுத்து, ஸ்டாண்டை அதன் அடிமட்டத்துக்கு இறக்கி, திரையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தேன். நாடி தானாகவே இறங்கியது. "உப்பிடி வைச்சா வடிவில்லையே" என்று சித்திதான் குறைப்பட்டார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, தாள் பண்டிலைப் பிரின்டருக்கு எடுத்துக்கொண்டார்.

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். வாசிப்புக் கண்ணாடி வழக்கமாக 40 செ.மீ. அளவுக்குக் கொடுக்கப்படுவது, புத்தகத் தூரம். மொனிட்டர் இருப்பது 60, 70 செ.மீ.யில். வாசிப்புக் கண்ணாடியோடு திரையைப் பார்க்கிறவர் தெளிவு தேடி முன்னால் முன்னால் குனிந்து கொண்டே போவார். கண் பரிசோதனைக்குப் போகுமுன் வீட்டில் வழக்கமாக இருக்கிறபடி இருந்து, கண்ணிலிருந்து திரை வரை யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லி அந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். அதை வைத்து அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தரலாம். அங்கே போய் "கொம்பியூட்டர் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் நீலஒளி தடுக்கும் கண்ணாடியைப் பற்றித்தான் பேச்சு வரும்.

அந்த நீலஒளிக் கண்ணாடியைப் பற்றி என் எண்ணத்தை மறைக்கப் போவதில்லை: காசுக்குக் கேடு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை அந்தக் கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் திரை பார்ப்பதற்கென்று அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் விண்டோஸ் 10இல் 2017 முதல் இலவசமாகவே இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், மஞ்சள் பல்பு வெளிச்சத்தோடு திரை ஒத்துப்போகிறது. அதைக் கண் மருந்தென்று நினைக்காமல் இருந்தால் சரி.

கண் எரிவுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இமை. 1993இல் கசுவோ ட்சுபோட்டா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் தன் சகாவோடு சேர்ந்து நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார். சும்மா இருக்கும்போது மனிதர் நிமிடத்துக்குச் சராசரி 22 தரம் இமைத்தார்கள். புத்தகம் வாசிக்கையில் 10. திரையில் வாசிக்கையில் 7. இதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வின் மறுபாதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. புத்தகத்தைக் குனிந்து பார்க்கும்போது மேலிமை இறங்கிக் கண்ணின் வெளிப்பரப்புப் பாதியளவுக்குச் சுருங்குகிறது; நிமிர்ந்து திரையைப் பார்க்கும்போது முழுவதும் திறந்திருக்கிறது. திரை உயரமாக இருந்தால் கண்ணீர்ப்படலம் விரைவாகக் காயும். மொனிட்டரை இறக்குவது கழுத்துக்கு மட்டும் நல்லதல்ல என்பது இதனால்தான். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் ஏசி போட்ட அறையில் இல்லை. ஏசியின் காற்றோ மேசை ஃபேனின் காற்றோ நேரே முகத்தில் அடித்தால் எந்தக் கண்தான் தாங்கும்? ஃபேனைப் பக்கவாட்டில், கழுத்துக்குக் கீழே படும்படி வையுங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பார்ப்பது என்ற வழக்கம் கலிபோர்னியாக் கண் பரிசோதகர் ஜெஃப்ரி அன்ஷெல் பரப்பியது. இருபது அடி என்பது ஆறு மீற்றர். வெள்ளவத்தையில் பல ஃப்ளாட்களில் யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குளியலறைக் குழாய்தான் தெரியும், அதுவும் எட்டு அடியில். மாடிப்படி வரை போய்வாருங்கள். நாரிக்கும் நல்லது.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். தமிழ் எழுத்துக்கு மொனிட்டர் பார்க்கிறவர் ஆங்கிலக் கட்டுரைகளில் சொல்லும் அளவை அப்படியே எடுக்கக்கூடாது. ஐ.எஸ்.ஓ. 9241 என்ற சர்வதேசத் தரம் விரும்பும் எழுத்து உயரம் 65 செ.மீ. தூரத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வருகிறது. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போதும். நமக்கு மேலே புள்ளியும் கொம்பும், கீழே உகர வளைவும் அதே இடத்துக்குள் வரவேண்டும். மனம், மணம் இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு சுழி. 12 திரைப்புள்ளி (பிக்சல்) உயரத்துக்குள் ணகரத்தின் மூன்று சுழியையும் வரைய இடமில்லாமல் திரை அவற்றைச் சாம்பல் கறையாக்கிவிடும். கண் தெளிவைத் தேடித் தேடிக் களைக்கும். விண்டோஸில் திரையிலுள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் அமைப்பை நான் 125 வீதத்துக்குக் கீழே வைத்து வேலை செய்வதில்லை. பிரவுசரில் கொன்ட்ரோலோடு கூட்டல் விசையை அமத்தி இன்னும் ஒரு படி கூட்டுவேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு வந்தால் 150. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா எழுத்துரு திரையில் பழைய லதாவைவிட எனக்கு இதமாக இருக்கிறது, இது சுவை சார்ந்த விஷயம். விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் என்று தட்டினால் கண் மருத்துவர் கேட்பதுபோல எது தெளிவு, எது தெளிவு என்று சில பெட்டிகளைக் காட்டும். ஐந்து நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

கேபிளையும் பாருங்கள். சின்ன ஒஃபிஸ்களில் இன்னும் நீலத் தலை வி.ஜி.ஏ. கேபிள்தான். அது அனலொக், எழுத்து ஓரங்கள் லேசாக மங்கும். மொனிட்டரில் ஓட்டோ என்ற பொத்தானை அமத்தினால் கொஞ்சம் திருந்தும், எச்.டி.எம்.ஐ.க்கு மாறினால் முழுதாகத் திருந்தும். தெளிவுத்திறனை எப்போதும் மொனிட்டரின் சொந்த அளவிலேயே விடுங்கள். எழுத்துப் பெரிதாக வேண்டுமென்று 1920×1080 திரையை 1366×768க்கு இறக்கி வைத்திருக்கும் மாமாமார் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த 125 வீதம்.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு ஒன்று: யன்னலைத் திறந்து வைத்தால் உப்புப் படலம் திரையில் மெல்லப் படியும். நேரே பார்த்தால் தெரியாது, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது முழுத்திரையும் பனிபோல வெளிறும். அணைத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம், திரையின் பளபளப்பைக் குறைக்கும் மட் பூச்சை அது கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இன்னும் புதிது வேண்டுமென்றால் அங்குலத்துக்கு வருவோம். 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே எண்ணிக்கை 27 அங்குலத்தில் 82. கடையில் மலிவாகத் தருகிறோம் என்று காட்டும் 27 அங்குலம் பெரும்பாலும் இதுதான். படம் பார்க்கச் சரி, ணகரத்துக்குச் சரிவராது. 27 எடுக்கிறதென்றால் 2560×1440, அது 109 புள்ளி. 4கே என்றால் 163, அச்சுப் பக்கம் போலத் தெரியும், விலையும் அப்படித்தான். என்னைக் கேட்டால், கையில் இருக்கிற காசுக்கு 24 அங்குலத்தை எடுத்து, மிச்சத்தை உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்டாண்டுக்குக் கொடுக்கச் சொல்வேன். ஸ்டாண்ட் வெறும் சாய்வு மட்டும் தருமென்றால், பின்புறம் 100×100 மில்லிமீற்றர் வேசா துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு மொனிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) ஒன்றை அதில் மாட்டலாம். கடையில் பிரைட்னஸைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி, உங்கள் போனிலிருந்து ஒரு தமிழ்ப் பக்கத்தை அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிரிக்கெட் வீடியோவும் கடலடி மீன்களும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். சோக்கெட்டுக்குப் பொருத்தமான பிளக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வீடுகளில் இன்னும் வட்டப் பின்தான். பெட்டியை வாரண்டி முடியும் மட்டும் எறியவேண்டாம். அலுமாரிக்கு மேலே இடமில்லை என்று வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் வழியில்லை.